எல்லையில் போடும் வரி, பட்டறையில் வசூலாகிறது

எஃகுக்கும் அலுமினியத்துக்கும் இறக்குமதி வரி போட்டால் ஆலைகள் பிழைக்கும், வேலைகள் திரும்பும், நாடு பத்திரமாக இருக்கும். எதிர்த்துப் பேசுவது ஏட்டுச் சுரைக்காய்ப் பொருளாதாரம். இன்னும் கொஞ்சம் போனால் சீனாவுக்கு வக்காலத்து. வாஷிங்டனிலிருந்து டெல்லிவரை இன்று எடுபடும் பேச்சு இதுதான். வேறெதிலும் ஒத்துப்போகாத வலதுசாரி தேசியவாதியும் தொழிற்சங்கத் தலைவரும் இதில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். அந்த ஒற்றுமைதான் இந்தக் கருத்தை யாரும் உரைகல்லில் தேய்த்துப் பார்க்காமல் காப்பாற்றி வருகிறது.

2018 மார்ச்சில் அமெரிக்க அதிபர் டிரம்ப், 1962-ஆம் ஆண்டு வர்த்தக விரிவாக்கச் சட்டத்தின் 232-ஆவது பிரிவைக் கையில் எடுத்தார். தேசப் பாதுகாப்பின் பெயரால் எஃகுக்கு 25 சதவீதமும் அலுமினியத்துக்கு 10 சதவீதமும் வரி விதித்தார். அடுத்து வந்த பைடன் ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், பிரிட்டன் ஆகியவற்றுக்கு ஒதுக்கீடு கொடுத்துச் சமாளித்தாரே தவிர, வரியை எடுக்கவில்லை. 2025 மார்ச்சில் டிரம்ப் சலுகைகளை எல்லாம் ரத்து செய்து இரண்டுக்கும் 25 சதவீதம் என்றார். ஜூனில் பிரிட்டன் தவிர மற்றவர்களுக்கு அது 50 ஆனது. அதே ஆண்டு ஏப்ரலில் இந்தியா, தட்டை எஃகு வகைகளுக்கு 12 சதவீத சேஃப்கார்டு (காப்பு) வரியை 200 நாட்களுக்குக் கொண்டுவந்தது. ஆண்டு முடிவில் அது 12, 11.5, 11 என்று இறங்கும் மூன்றாண்டு வரியாகிவிட்டது. இந்திய வரியின் சட்ட அடிப்படை வேறு: பாதுகாப்பு என்ற காரணம் அதில் இல்லை, திடீரெனப் பெருகிய இறக்குமதியால் உள்நாட்டு ஆலைகளுக்கு நேரும் பாதிப்பே காரணம். ஆனால் மேடையில் அதற்காகப் பேசப்படுவது அதே பேச்சு.

அந்தப் பேச்சை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்வோம். ஒன்று, எஃகு இல்லாத நாடு போரில் நிற்க முடியாது. இரண்டு, உலக எஃகில் பாதிக்கு மேல் சீனாவில் உருகுகிறது. அங்கே ஆண்டு உற்பத்தி சுமார் 100 கோடி டன். 2024-ல் ஏற்றுமதி மட்டும் 11 கோடி டன்னைத் தாண்டியது. அரசு வங்கிக் கடனிலும் மாகாண அரசுகளின் தயவிலும் ஓடும் ஆலைகள் சொல்லும் விலை சந்தை விலை ஆகாது. மூன்று, அணைந்த ஊதுலையை நினைத்த நேரத்தில் மூட்ட முடியாது. கைத்தேர்ச்சி கலைந்துவிடும், ஊரே காலியாகும். நான்கு, எல்லா நாடும் வரி போடும்போது நாம் மட்டும் கதவைத் திறந்து வைத்திருப்பது ஏமாளித்தனம்.

இவற்றில் இரண்டாவதும் மூன்றாவதும் உண்மை. அவற்றை மறுக்கப் போவதில்லை. அந்த உண்மைகளிலிருந்து "ஆகவே வரி" என்ற முடிவுக்குத் தாவுகிறார்களே, அந்தத் தாவலைத்தான் மறுக்கிறேன்.

1. எந்தப் போருக்கு எவ்வளவு எஃகு?

இந்தக் கேள்விக்கு அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சகமே பதில் சொல்லியிருக்கிறது. 2018 பிப்ரவரியில், வரி வருவதற்கு முன், அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஜேம்ஸ் மாட்டிஸ் வணிக அமைச்சகத்துக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். ராணுவத்துக்குத் தேவைப்படும் எஃகும் அலுமினியமும் உள்நாட்டு உற்பத்தியில் தலா 3 சதவீதம் அளவுக்குத்தான் என்றது அந்தக் குறிப்பு. பொதுவான வரி நட்பு நாடுகளைப் புண்படுத்தும் என்ற கவலையும் அதில் இருந்தது. அன்று அமெரிக்கா தன் எஃகுத் தேவையில் பெரும்பங்கைத் தானே உருக்கிக்கொண்டிருந்தது. 3 சதவீதத் தேவையைக் காரணம் காட்டி இறக்குமதி முழுவதற்கும் வரி போடுவதைப் பாதுகாப்புத் திட்டம் என்று எப்படிச் சொல்வது? இதே வணிக அமைச்சகம் 2001-ல் இதே 232-ஆவது பிரிவின் கீழ் இரும்புத் தாதையும் அரைநிலை எஃகையும் ஆராய்ந்து, இறக்குமதியால் தேசப் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் இல்லை என்று முடிவு சொன்னது.

"போர் என்றால் டாங்கி மட்டுமா? பாலம், மின்கோபுரம், ரயில்பாதை, துறைமுகம் எல்லாமே பாதுகாப்புதான்" என்பார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். பாலமும் மின்கோபுரமும் தேசப் பாதுகாப்பு என்றால், அவற்றுக்கு வேண்டிய எஃகின் விலையை ஏற்றிவிடுவது யாருடைய பாதுகாப்பு? பாதுகாப்பு என்பதை எல்லாவற்றுக்கும் நீட்டினால், வரி தாக்கும் இடமும் அந்த எல்லாமேதான்.

கனடாவின் கதை இதைவிடக் கேலிக்குரியது. அமெரிக்கச் சட்டமே தன் ராணுவத் தொழில் அடித்தளத்தின் ஒரு பகுதியாகக் கனடாவைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. போர் வந்தால் சொந்த ஆலை என்று நம்பப்படும் நாட்டின் உலோகத்துக்கு, போர் வரும் என்று சொல்லி 2018 ஜூனில் வரி போட்டார்கள். ஓராண்டு கழித்து எடுத்தார்கள். 2025-ல் மறுபடி போட்டார்கள். கனடா இதற்கிடையில் எதிரியாகி, நண்பனாகி, மறுபடி எதிரியானதாக யாரும் சொல்லவில்லை.

2. காப்பாற்றுவதாகச் சொன்ன உலையே அணைந்தது

பாதுகாப்பு வாதத்தில் ஒரே ஒரு இடம் கெட்டியாக இருந்தது. போர் விமானங்களுக்கு வேண்டிய மிகத் தூய அலுமினியத்தை உருக்க அமெரிக்காவில் ஒரே ஒரு ஆலைதான் மிச்சம் என்று வணிக அமைச்சகத்தின் அறிக்கை எச்சரித்தது. கென்டக்கி மாநிலத்தின் ஹாவ்ஸ்வில்லில் இருந்த செஞ்சுரி அலுமினியம் ஆலை அது. வரி வந்ததும் நின்றிருந்த பகுதிகளை ஓட்டப் போவதாக அறிவிப்பு வந்தது, கைதட்டலும் கிடைத்தது.

2022 ஜூனில் அந்த ஆலை நிறுத்தப்பட்டது. அப்போதும் 232 வரி அமலில் இருந்தது. மின்கட்டணம் ஏறியதுதான் ஆலையை நிறுத்தியது.

இது ஒற்றைச் சம்பவம் என்று ஒதுக்க முடியாது. வாஷிங்டன் மாநிலத்தின் ஃபெர்ன்டேலில் அல்கோவாவின் இன்டால்கோ ஆலை 2020-ல் நின்று, 2023-ல் நிரந்தரமாக மூடப்பட்டது. மிசௌரியின் நியூ மாட்ரிட் ஆலை, வரியின் வெற்றிக்கு எடுத்துக்காட்டாக 2018-ல் மறுபடி ஓடத் தொடங்கியது. 2024 ஜனவரியில் நின்றது. 2017-ல், வரி இல்லாத ஆண்டில், அமெரிக்கா உருக்கிய முதல்நிலை அலுமினியம் சுமார் 7.4 லட்சம் டன். வரி வந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 2024-ல், சுமார் 6.7 லட்சம் டன்.

காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். ஒரு டன் அலுமினியம் உருக்க ஏறத்தாழ 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். நீர்மின்சாரம் மலிந்த கியூபெக்கில் ஆலை ஓடும். கட்டணம் ஏறிய இடத்தில் நிற்கும். நம் மேட்டூரில் இருந்த மால்கோ உருக்காலை 2008-ல் நின்றது. அதன் அனல்மின் நிலையம் மட்டும் தொடர்ந்து ஓடி மின்சாரம் விற்றது. மின்சாரத்தை உலைக்குள் விடுவதைவிட விற்பது லாபம் என்ற இடத்தில் சுங்க வரி என்ன செய்ய முடியும்?

"10 சதவீதம் போதாது, கனடாவுக்கு விலக்கும் கொடுத்தார்கள், அதனால்தான் பலிக்கவில்லை, 50 போட்டபின் பாருங்கள்" என்று ஒரு பதில் வருகிறது. பார்க்கலாம். தென் கரோலினாவின் மவுன்ட் ஹோலி ஆலை, நின்றிருந்த 50,000 டன் திறனை மீட்பதாக 2025-ல் அறிவித்தது. லட்சக்கணக்கான டன்னை வெளியிலிருந்து வாங்கும் நாட்டுக்கு இது எந்த மூலைக்கு? ஓக்லஹோமாவில் அமீரகத்து நிறுவனம் புது உருக்காலை கட்டப் போவதாகவும் அறிவிப்பு உண்டு. அந்த அறிவிப்புக்கும் உலைக்கும் நடுவே நிற்பது, பல பத்தாண்டுகளுக்கு மலிவான மின்சாரம் தரும் ஒப்பந்தம். அதே மின்சாரத்துக்கு இன்று தகவல் மையங்களும் வரிசையில் நிற்கின்றன. வரியை நூறு சதவீதம் ஆக்கினாலும் அந்த வரிசை நகராது.

3. சீனாவைக் குறிபார்த்து கனடாவைச் சுட்டார்கள்

சீனாவின் மிகை உற்பத்தி உண்மையான பிரச்சினை. ஆனால் 2017-ல் அமெரிக்கா இறக்குமதி செய்த எஃகில் சீனாவின் நேரடிப் பங்கு 2 சதவீத அளவுதான். முன்பே போடப்பட்ட குவிப்புத் தடுப்பு வரிகளும் மானிய எதிர்ப்பு வரிகளும் சீன எஃகைப் பெருமளவு வெளியே நிறுத்திவிட்டன. 2018 வரியின் சுமை விழுந்தது கனடா, மெக்சிகோ போன்ற நாடுகளின் மீது. ஷாங்காய் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பலைத் தடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ஒன்டாரியோவிலிருந்து வரும் லாரியை நிறுத்தினார்கள்.

"சீன எஃகு வேறு நாடுகள் வழியாகச் சுற்றி வருகிறதே?" வருகிறது. அதைத் தடுக்க, எங்கே உருக்கப்பட்டது என்பதைச் சோதிக்கும் விதி வேண்டும். உலகம் முழுவதற்குமான வரி வேண்டியதில்லை. உலகளாவிய வரி சீனாவில் ஒரு உலையைக்கூட மூடவில்லை. அங்கே வீடு கட்டும் தொழில் சரிந்து உள்ளூர்த் தேவை குறைந்ததால் எஃகு வெளியே வழிகிறது. ஒரு நாடு கதவடைத்தால் அது அடுத்த நாட்டு வாசலுக்குப் போகிறது. 2018-ல் அமெரிக்கா அடைத்ததும் ஐரோப்பிய ஒன்றியம் தன் காப்பு வரியைக் கொண்டுவந்தது. 2025 அக்டோபரில் வரியில்லா ஒதுக்கீட்டைப் பாதியளவு குறைத்து மீதிக்கு 50 சதவீதம் போட அது முன்மொழிந்தது. ஆளுக்கொரு சுவர் எழுப்பியபின், வழிகிற எஃகின் அளவு அப்படியேதான் இருக்கிறது. நட்பு நாடுகள் சேர்ந்து நின்றால் மட்டுமே சீனாவை மேசைக்கு இழுக்க முடியும். அந்த நட்பு நாடுகளுக்குத்தான் முதல் வரி.

4. எண்பது வேலையைப் பணயம் வைத்து ஒரு வேலையா?

அமெரிக்காவில் எஃகு உருக்கும் ஒவ்வொரு வேலைக்கும், எஃகைப் பயன்படுத்தும் தொழில்களில் 80 வேலைகள் இருப்பதாகப் பொருளியலாளர்கள் லிடியா காக்ஸும் கேடி ரஸ்ஸும் கணக்கிட்டார்கள். ஆலை கண்ணுக்குத் தெரியும்: புகைபோக்கி உண்டு, வாசலில் கொடி உண்டு, அமைச்சர் வந்து நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். மற்ற எண்பதும் ஆயிரம் ஊர்களில், ஆயிரம் கூரைகளின் கீழ், சிதறிக் கிடக்கின்றன. அங்கே ஒருவருக்கு வேலை போனால் அதை எஃகு வரியின் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

எழுதிப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் 2023-ல் அறிக்கை கொடுத்தது. இந்த வரிகளால் 2021-ல் எஃகு, அலுமினிய உற்பத்தி 200 கோடி டாலருக்குச் சற்று மேல் கூடியது. அதே ஆண்டில் அவற்றைப் பயன்படுத்தும் தொழில்களின் உற்பத்தி 340 கோடி டாலருக்கு மேல் குறைந்தது. வரி போட்ட அரசின் அமைப்பே போட்ட கணக்கு இது. 2018-ன் எல்லா வரிகளையும் சேர்த்து ஆராய்ந்த மத்திய வங்கிப் பொருளியலாளர்கள் ஃப்ளாயனும் பியர்ஸும், பாதுகாப்பால் கிடைத்த சிறு ஆதாயத்தை மூலப்பொருள் விலையேற்றமும் பதிலடி வரிகளும் விழுங்கி, உற்பத்தித் துறை வேலைவாய்ப்பு மொத்தத்தில் குறைந்தது என்று கண்டார்கள். எஃகு வரியால் காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு வேலைக்கும் நுகர்வோரும் நிறுவனங்களும் ஆண்டுக்கு 9 லட்சம் டாலர் கொடுத்தார்கள் என்பது பீட்டர்சன் ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கைத் தொழிலாளியின் கையிலேயே கொடுத்திருந்தால் அவர் குடும்பம் தலைமுறைக்கும் தலைநிமிர்ந்திருக்கும்.

"வரியை வெளிநாட்டு விற்பனையாளர்தான் கட்டுகிறார்" என்பது வரிக்காரர்களின் கடைசி அரண். இதை மேலோட்டமாகத் தள்ளிவிடக் கூடாது. முதல் ஆண்டில் வரி ஏறக்குறைய முழுவதும் அமெரிக்க வாங்குபவர் தலையில் விழுந்ததாகக் கண்ட அமிட்டி, ரெடிங், வைன்ஸ்டீன் மூவரும், பிறகு எஃகில் மட்டும் வெளிநாட்டு விற்பனையாளர்கள் விலையைக் கணிசமாகக் குறைத்ததையும் பதிவு செய்தார்கள். வரிக்காரர்களுக்கு இது வெற்றிச் செய்தியாகத் தெரியலாம். கொஞ்சம் யோசியுங்கள். வெளிநாட்டார் விலையைக் குறைத்து வரியைத் தானே சுமந்தால், வரியோடு சேர்ந்த விலை பழைய விலைக்குப் பக்கத்திலேயே நிற்கும். உள்நாட்டு ஆலைக்குப் பாதுகாப்புக் கிடைக்காது. அவர் விலையைக் குறைக்காவிட்டால், ஆலைக்குப் பாதுகாப்புக் கிடைக்கும். அதற்கான விலையைப் பயன்படுத்துபவர் கொடுப்பார். வெளிநாட்டான் வரி கட்ட வேண்டும், உள்நாட்டு ஆலையும் கொழிக்க வேண்டும், உள்நாட்டு வாங்குபவருக்கும் வலிக்கக் கூடாது என்று மூன்றையும் ஒரே மூச்சில் வாக்களிப்பவருக்குக் கூட்டல் கழித்தல் தெரியவில்லை, அல்லது நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

உள்நாட்டு எஃகை வாங்கினால் தப்பலாமா? 2018-ல் ஃபோர்டின் தலைவர், உலோக வரிகளால் சுமார் 100 கோடி டாலர் லாபம் போனதாகச் சொன்னார். தங்கள் உலோகத்தில் பெரும்பகுதி அமெரிக்காவிலேயே வாங்கப்படுவதையும் கூடவே சொன்னார். இறக்குமதிக்கு விலை ஏறினால் உள்ளூர் ஆலையும் அந்த உயரத்துக்குத் தன் விலையை ஏற்றும். ஏற்ற முடிவதுதானே வரியின் நோக்கம்? அந்த லாபமும் தொழிலாளியிடம் தங்கவில்லை. வரியின் செல்லப்பிள்ளையான யு.எஸ். ஸ்டீல், 2018-ல் இல்லினாய்ஸில் உலையை மூட்டிக் கொண்டாடியது; 2019 டிசம்பரில் மிச்சிகனில் 1,500 பேர்வரை வேலை இழக்கலாம் என்று அறிவித்தது.

5. ஆணிக் கம்பிக்கும் வரி, ஆணிக்கும் வரி

ஒரு வரி தனியாக வாழாது, குட்டி போடும். மிசௌரியின் பாப்லர் பிளஃப்பில் மிட் கான்டினென்ட் நெயில் என்ற நிறுவனம், மெக்சிகோவிலிருந்து கம்பி வாங்கி ஆணி செய்துவந்தது. அமெரிக்காவின் மிகப்பெரிய ஆணி ஆலை அது. 2018 ஜூனில் கம்பிக்கு 25 சதவீதம் வந்தது. வெளிநாட்டிலேயே செய்து வந்த ஆணிக்கு 232 வரி இல்லை. விளைவு, ஆர்டர்கள் சரிந்தன, ஆட்கள் வெளியே போனார்கள். கம்பி உருக்குபவரைக் காக்கப் போய், கம்பியை ஆணியாக்குபவரைத் தாக்கினார்கள்.

இந்தத் தவறுக்கு வரி ஆதரவாளர் காணும் மருந்து இன்னொரு வரி. 2020 பிப்ரவரியில் ஆணி, ஸ்டேப்பிள், வாகன பம்பர் ஆகியவற்றுக்கும் வரி நீண்டது. 2025 ஆகஸ்டில் உலோகம் அடங்கிய 407 வகைப் பொருள்கள் பட்டியலில் சேர்ந்தன. அடுத்து அந்த 407-ஐ உதிரிபாகமாக வாங்குபவர் வந்து அழுவார். பட்டியல் இன்னும் நீளும். அமெரிக்காவுக்கு இயந்திரப் பாகங்கள் அனுப்பும் கோவைக்காரர், தன் சரக்கில் எத்தனை கிலோ எஃகு, அது எங்கே உருகியது என்று எழுதிக் கொடுக்கும் நிலைக்கு வந்தது இந்தச் சங்கிலியால்தான்.

இன்னொரு குட்டி, விலக்கு கேட்கும் வரிசை. உள்நாட்டில் கிடைக்காத ரகத்துக்கு விலக்கு உண்டு என்றார்கள். 2019 இறுதிக்குள் ஒரு லட்சத்துக்கும் மேல் மனுக்கள் குவிந்தன. ஒவ்வொரு மனுவையும் எதிர்க்க உள்நாட்டு ஆலைக்கு உரிமை உண்டு. சட்ட நிறுவனத்தை அமர்த்த வசதியுள்ளவர் வாதாடினார். பத்துப் பேர் வேலை செய்யும் கூடம் வரியைக் கட்டிவிட்டு வாய்மூடி இருந்தது. 2025-ல் அந்த வாசலையும் அடைத்தார்கள்.

6. "தற்காலிகம்தான்" என்பது தேதி போடாத காசோலை

இந்தியாவின் சொந்தப் பதிவேட்டைப் புரட்டுங்கள். 2015 செப்டம்பரில் ஹெச்.ஆர். காயிலுக்கு (சூடாக உருட்டிய எஃகுச் சுருளுக்கு) 20 சதவீத சேஃப்கார்டு வரி, 200 நாட்களுக்கு மட்டும் என்று வந்தது. 2016-ல் அது 2018 மார்ச்வரை நீண்டது. இடையே 2016 பிப்ரவரியில் 173 வகை எஃகுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலை. பிறகு குவிப்புத் தடுப்பு வரிகள். 2025-ல் மறுபடி 200 நாட்கள், மறுபடி மூன்றாண்டு நீட்டிப்பு. பத்தாண்டுகளுக்கு முன் கொடுத்த மருந்து நோயைத் தீர்த்திருந்தால் அதே மருந்து எதற்கு? தீர்க்கவில்லை என்றாலும், அதே மருந்து எதற்கு?

வளரும் தொழிலுக்கு ஊன்றுகோல் என்ற வாதமும் இங்கே நிற்காது. இந்தியா 2018 முதல் உலகின் இரண்டாவது பெரிய எஃகு நாடு. திறன் 20 கோடி டன்னைத் தொட்டுவிட்டது. சொந்த மண்ணில் இரும்புத் தாது கொட்டிக் கிடக்கிறது. இதில் எந்தக் குழந்தையைத் தொட்டிலில் போட்டு ஆட்டுகிறோம்?

இந்தக் குழந்தைக்கு வியாபாரம் நன்றாகவே தெரியும். 2022 மே மாதம் விலை உச்சத்தில் இருந்தபோது, உள்நாட்டு வாங்குபவரைக் காக்க மத்திய அரசு எஃகு ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டது. ஆலைகள் குய்யோ முறையோ என்றன. உலகச் சந்தையை இழக்கிறோம், சுதந்திர வணிகம் எங்கே என்றன. நவம்பரில் வரி போய்விட்டது. விலை ஏறும்போது சந்தை, இறங்கும்போது தேசம். இரண்டு வாதத்தையும் ஒரே வாயால் பேச ஆலைகளுக்குத் தயக்கமில்லை. அதைக் கேட்கிற நமக்காவது இருக்க வேண்டாமா?

7. ஆபத்து வேறு வாசலில் நிற்கிறது

2024-25-ல் இந்தியா பயன்படுத்திய எஃகு சுமார் 15 கோடி டன். இறக்குமதி சுமார் 95 லட்சம் டன், நூற்றுக்கு ஆறு. அதிலும் சீனா ஒன்றே காரணமில்லை. சீனா, தென்கொரியா, ஜப்பான் மூன்றும் சேர்ந்துதான் பெரும்பங்கு. பின்னவை இரண்டும் நாம் தடையற்ற வணிக ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகள்.

இனி அந்த எஃகை உருக்க வேண்டிய கோக்கிங் நிலக்கரியைப் பாருங்கள். நம் ஆலைகளின் தேவையில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் கப்பலில் வருகிறது, முக்கியமாக ஆஸ்திரேலியாவிலிருந்து. கடல் வழி அடைபட்டால் வெளிநாட்டு எஃகு மட்டுமா நிற்கும்? உள்நாட்டு ஊதுலையும் நிற்கும். நூற்றுக்கு ஆறைப் பார்த்துப் பதறி, நூற்றுக்கு எண்பதைப் பார்த்து அமைதியாக இருப்பவரின் கவலை பாதுகாப்பைப் பற்றியது என்று எப்படி நம்புவது?

2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது உண்மையான நெருக்கடி என்ன என்று தெரிந்தது. எடையில் கையளவு, ஆனால் அது இல்லாமல் பெரும்பாலான மின்வாகன மோட்டார்கள் சுழலா. ஆபத்து ஒரே நாட்டின் கையில் குவிந்த பொருளில் இருக்கிறது; டஜன் கணக்கான நாடுகள் விற்கும் எஃகில் இல்லை. அந்தக் காந்தத்துக்கு இறக்குமதி வரி போடுங்கள் என்று ஒருவர் கேட்பதாக வையுங்கள். அது எவ்வளவு அபத்தம் என்று எல்லோருக்கும் புரியும். கிடைக்காத பொருளை இன்னும் விலை ஏற்றுவதா? ஆனால் எஃகு என்றதும் இதே புத்தி வேலை செய்ய மறுக்கிறது.

மூலப்பொருளுக்குத் தடை போட்டால் என்ன ஆகும் என்பது எஃகு ஆலைகளுக்கே நன்றாகத் தெரியும். 2025 ஜனவரியில், உள்நாட்டுக் கோக் (சுட்ட கோக்கிங் நிலக்கரி) உற்பத்தியாளரைக் காக்க, கோக் இறக்குமதிக்கு நாடுவாரி ஒதுக்கீடு வந்தது. எதிர்த்துக் குரல் கொடுத்தவர்கள் பெரிய எஃகு ஆலைகள்தான். உள்நாட்டுக் கோக்கின் தரம் போதாது, செலவு ஏறும் என்றார்கள். அது நியாயமான வாதம். "கோக்" என்ற இடத்தில் "எஃகு" என்று போட்டுப் படித்தால், அது அப்படியே அம்பத்தூர்ப் பட்டறைக்காரரின் மனுவாகும்.

அவர் என்ன செய்கிறார்? ஹெச்.ஆர். ஷீட்டை அழுத்தி வாகனப் பாகமாக்குகிறார். திருச்சி துவாக்குடியில் இன்னொருவர் தடித்த பிளேட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்துக் கொதிகலன் பாகமாக்குகிறார். 2025-ன் 12 சதவீத வரி விழுந்தது இவர்கள் வாங்கும் சரக்கின் மீதுதான். ஹெச்.ஆர். காயில் டன்னுக்கு 675 டாலருக்குக் குறையாமல் வந்தால் சேஃப்கார்டு வரி இல்லை என்று ஏப்ரல் 2025 அறிவிப்பில் ஒரு விதி. அதாவது, அந்த மட்டத்துக்குக் கீழே வரும் மலிவுச் சரக்குக்குத்தான் வரி. உள்ளூர் ஆலைக்கு அதுவே விலை ஏற்ற இடம். ஏற்றுமதியாளர் அட்வான்ஸ் ஆதரைசேஷன் என்ற அனுமதி வாங்கி வரியில்லாமல் இறக்கலாமே என்பார்கள். இறக்கலாம், கப்பல் கணக்கில் வாங்குபவர். டீலரிடம் இரண்டு காயில் வாங்கி, ஏற்றுமதி நிறுவனத்துக்கு ஜாப் ஒர்க் செய்பவருக்கு அந்தக் காகிதம் எட்டாது. 2024-25-ல் இந்தியாவின் பொறியியல் பொருள் ஏற்றுமதி 11,600 கோடி டாலருக்கு மேல். அந்த மாளிகையின் அடித்தளக் கல் ஒவ்வொன்றும் இப்படி ஒரு பட்டறை. 2025-ல் அமெரிக்கா ஒரு பக்கம் வெளியே 50 சதவீதம் போட்டது. டெல்லி மறுபக்கம் உள்ளே 12 சதவீதம் போட்டது. நடுவில் ஒரே ஆள்.

"எல்லோரும் வரி போடுகிறார்களே" என்ற நான்காவது வாதத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. அடுத்த நாடு தன் பட்டறைக்காரர் தலையில் செலவை ஏற்றினால், நம் பட்டறைக்காரருக்கு அது வாய்ப்பு. நாமும் அதையே செய்து அந்த வாய்ப்பைக் கைநழுவ விடுவதற்குப் பதிலடி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அப்படியானால் ஆலைகள் மூடட்டும் என்கிறாயா?

இல்லை. ஒரு நாட்டுக்குக் குறிப்பிட்ட உலோகத்தில் குறிப்பிட்ட திறன் கையில் இருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேள்வி, அதற்கான செலவை யார் சுமப்பது, எப்படிச் சுமப்பது என்பதுதான்.

பாதுகாப்பு என்பது பொதுச் சொத்து. ராணுவத்துக்குப் பொதுப்பணத்திலிருந்து செலவழிக்கிறோம். நாடாளுமன்றத்தில் எண் படிக்கப்படுகிறது, தணிக்கை நடக்கிறது. உலோகத் திறனும் பாதுகாப்புதான் என்றால் அதே வழியில் கொடுக்கலாமே? முன்மாதிரி இல்லாமலும் இல்லை. சிறப்பு ரக எஃகுக்கு 2021-ல் 6,322 கோடி ரூபாய் உற்பத்தி ஊக்கத்தொகை ஒதுக்கினார்கள். 2025-ல் அரிய மண் காந்தத்துக்கு 7,280 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. இவற்றிலும் குறை காணலாம். குறை காண முடிவதே இவற்றின் பலம்: தொகை தெரியும், பெறுபவர் தெரியும், எந்த ரகம் எத்தனை டன் என்ற நிபந்தனை தெரியும், செய்யாவிட்டால் நிறுத்தலாம். வரியில் இவற்றில் ஒன்றும் இல்லை. ஆலைக்குப் போகும் உதவி எந்த பட்ஜெட் ஏட்டிலும் ஏறாமல், ஷீட்டின் விலையில் ஒளிந்து போகிறது.

குறிப்பிட்ட நாடு அடக்க விலைக்குக் கீழே கொட்டினால், நிரூபித்து அந்த நாட்டின் மீது குவிப்புத் தடுப்பு வரி போடுங்கள். வியட்நாமின் ஹெச்.ஆர். எஃகுக்கு 2025-ல் ஐந்தாண்டு வரி போட்டது அந்த வழியில்தான். போடும்முன் வாங்குபவரின் இழப்பையும் அதே அறிக்கையில் எண்ணாகப் போடுங்கள். கடல் வழி அடைபடும் பயம் இருந்தால் நிலக்கரியையும் அரிய உலோகங்களையும் இருப்பு வையுங்கள். அலுமினியம் வேண்டுமானால் மின்சாரத்தைச் சரிசெய்யுங்கள்.

இனி உலோக வரி கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகளை எழுத்தில் வைக்க வேண்டும். எந்த ரகம், எத்தனை டன், எந்த நெருக்கடிக்கு? வாங்கும் தொழில்களில் எத்தனை வேலை போகும்? எந்தத் தேதியில், எது நடந்தால், வரி நீங்கும்? 2018 முதல் அமெரிக்கா இந்த மூன்றுக்கும் பதில் சொல்லவில்லை. ஹாவ்ஸ்வில் நின்ற பிறகும் சொல்லவில்லை. பதில் இருப்பவர் கொண்டு வரட்டும், செலவை எல்லோரும் சேர்ந்து, கணக்கு வைத்துச் சுமப்போம். பதில் இல்லாதவர், துவாக்குடிப் பட்டறையில் சொல்லாமல் வசூலித்து ஆலையின் லாபக் கணக்கில் சேர்ப்பதற்கு நாட்டின் பெயரை இரவல் கேட்க வேண்டாம்.